இயற்கை இன்சுலினும் ஒரு பிரெஞ்சு வழக்கும்

மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்காருவது வழக்கம். ஓய்வுபெற்றவர்கள் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பென்ஷன் வழியாகப் போய்ச் சர்க்கரையில்தான் முடியும். சென்ற மாதம் ஒரு நாள், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் (வயதில் மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்') முகம் வாடி உட்கார்ந்திருந்தார். மாத்திரை இனிமேல் போதாது, இன்சுலின் போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஊசிக்கு நான் பயப்படலைங்க. அந்தக் காலத்துல மாட்டுலேர்ந்தும் பன்னியிலேர்ந்தும் எடுத்தாங்க. அது இயற்கை. இப்ப ஏதோ கிருமிக்குள்ள மரபணுவை மாத்தி வெச்சு அதுலேர்ந்து எடுக்கறாங்களாம். அதையா உடம்புல ஏத்திக்கணும்?"

நான் பன்னிரண்டு வருஷமாக அதையேதான் காலையும் இரவும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். என் சீசாவின் மேல் பொடி எழுத்தில் 'ஆர்.டி.என்.ஏ.' என்று போட்டிருக்கும். ஆனாலும் அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நமக்குப் பேச்சில் கோவை கிடையாது. ஃபைலில் எழுதச் சொன்னால் எழுதுவோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதும் பழக்கம் எனக்குப் பிந்தி வந்தது. படித்தது முழுக்க பிரெஞ்சில். பிழையிருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'இயற்கை இன்சுலின்' எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு 1970களில் நான்தான் ஊசி போடுவேன். கண்ணாடி சிரிஞ்சு, தடித்த ஊசி, இரண்டையும் தினமும் சின்ன ஏனத்தில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு மண்பானை வைத்து, ஈர மணலில் சீசாவைப் புதைத்து வைப்போம். போட்ட இடத்தில் சதை கரைந்து குழி விழும். அம்மாவின் இரண்டு தொடையிலும் விரல் வைத்து அழுத்தியது போல அப்படிப்பட்ட குழிகள் இருந்தன. தோல் சிவந்து அரிக்கும். அப்போது வந்த மருந்தில் இன்சுலினோடு மாட்டின் வேறு சரக்கும் கொஞ்சம் கலந்தே இருந்ததுதான் காரணம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அம்மா சுத்த சைவம். ஒரு நாள் சீசாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத எதுலேர்ந்துடா எடுக்கறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். லிசேயில் சியான்ஸ் நத்யுரேல் வகுப்பில் படித்ததுதான். "கம்பெனியில மருந்து வெச்சு செய்யறாங்கம்மா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. 1983ல் காலமாகும் வரை நம்பியே போட்டுக்கொண்டார்.

அந்த வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஆசிரியருக்கு க்ளோத் பெர்னார் என்றால் தெய்வம். கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்து வெளியிடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டியவர் அவர். கணையத்துக்குள் தீவுக்கூட்டம் மாதிரி இருக்கும் சின்னச் சின்ன உயிரணுத் திட்டுகளை 1869ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் பார்த்தார். அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸின் தீவுகள்' என்று 1893ல் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான லகெஸ். தீவிலிருந்து வருவதால் 'அன்சுய்லின்' என்று 1909லேயே பெயரிட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த தெ மேயேர். மருந்து கைக்கு வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே பெயர் தயாராகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ருமேனியரான பவுலெஸ்கோ, கணையச் சாற்றை நாய்க்கு ஏற்றிச் சர்க்கரை இறங்குவதை 1921 ஆகஸ்டில் ஒரு பெல்ஜிய இதழில் பிரெஞ்சு மொழியில் விரிவாக வெளியிட்டுவிட்டார். டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் தங்கள் முதல் கட்டுரையில் அவரைக் குறிப்பிட்டார்கள், ஆனால் அவர் சொன்னதற்கு நேர்மாறாக! பல வருஷம் கழித்து, எங்கள் பிரெஞ்சு மோசமாக இருந்ததுதான் காரணமோ என்னவோ என்று பெஸ்ட் வருத்தம் தெரிவித்தார். பிரெஞ்சில் படித்தவனுக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனால் பவுலெஸ்கோ யூதர்கள் மேல் விஷம் கக்கி எழுதியவர் என்பதும் உண்மை. 2003ல் பாரீசில் அவருக்கு எடுக்கவிருந்த விழா அதனாலேயே நின்றுபோனது. அவரை அத்துடன் விடுவோம்.

1922 ஜனவரி 11ஆம் தேதி டொரன்டோ மருத்துவமனையில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடம் புண்ணானதுதான் மிச்சம். காலிப் என்பவர் சாற்றை மேலும் சுத்தம் செய்து கொடுத்து 23ஆம் தேதி மறுபடி போட்டபோதுதான் பையன் தேறினான். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அறுபது வருஷம், உலகம் முழுவதும் சர்க்கரைக்காரர்களின் உயிர் இறைச்சிக் கூடங்களின் கையில் இருந்தது. 8 அவுன்ஸ் சுத்தமான இன்சுலினுக்கு 2 டன்னுக்கு மேல் பன்றிச் சுரப்பி வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நோயாளிகள் பெருகுகிறார்கள், மாடும் பன்றியும் அதே வேகத்தில் பெருகுமா என்ற கவலை 1970களில் மருந்துக் கம்பெனிகளுக்கு வந்துவிட்டது.

இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. சரியாகச் சொன்னால் இரண்டு மாலை. ஒன்றில் 21, மற்றதில் 30. இந்த வரிசையை முழுதாகப் படித்து 1958ல் நோபல் பரிசு வாங்கியவர் இங்கிலாந்தின் சாங்கர். பன்றி இன்சுலினுக்கும் நமக்கும் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று. அதனால்தான் விலங்கின் சரக்கு நம் உடம்பில் ஓடியது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் இன்னொரு மருந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி நம் சார் பயப்படும் அந்த விஷயம். 1973ல் கலிபோர்னியாவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்ற இருவர், ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டிக் கிருமிக்குள் இருக்கும் வளையம் போன்ற டி.என்.ஏ.வில் ஒட்டி, கிருமியை அதைப் பிரதியெடுக்க வைக்க முடியும் என்று செய்துகாட்டினார்கள். குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். நகல் எடுக்கும் எழுத்தர் ஒருவர் இருக்கிறார். வருகிற கடிதத்தை யார் அனுப்பினார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார். கட்டில் வைத்தால் எழுதிக்கொண்டே போவார். அந்தக் கட்டுக்குள் நம் கடிதம் ஒன்றைச் செருகிவிட்டால் அதையும் சேர்த்து ஆயிரம் பிரதி எடுத்துவிடுவார். நம் குடலில் குடியிருக்கும் இ. கோலி என்ற கிருமிதான் அந்த எழுத்தர். இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். சம்பளம் கேட்காது, லீவு கேட்காது.

இதைக் கண்டு முதலில் பயந்தவர்கள் விஞ்ஞானிகளே. 1975 பிப்ரவரியில் ஏறத்தாழ 140 பேர் கலிபோர்னியாவின் அசிலமார் என்ற கடற்கரை இடத்தில் கூடி, எந்தச் சோதனையை எவ்வளவு காவலுடன் செய்யலாம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு எழுதிக்கொண்டார்கள். மறு வருஷம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மேயர், என் ஊரில் இதைச் செய்யக்கூடாது என்று நகரசபையில் விசாரணையே வைத்துவிட்டார். விஞ்ஞானிகள் அல்லாத ஊர்க்காரர்களைக் கொண்ட ஒரு குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, நிபந்தனைகளோடு சரி என்று சொன்னது. எனக்கு இந்தக் குழு மிகவும் பிடிக்கும்.

கட்டுப்பாட்டின் விளைவு போட்டியில் தெரிந்தது. மனித மரபணுவைத் தொட்டால் கடுங்காவல் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆகவே ஹார்வர்டின் கில்பர்ட் குழு 1978ல் மூட்டைமுடிச்சுடன் இங்கிலாந்து போய், போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வு நிலையத்தில் கவச உடை மாட்டிக்கொண்டு வேலை செய்தது. கடைசியில் கையில் கிடைத்தது எலி இன்சுலின் மரபணு. எங்கேயோ சரக்கு கலந்துவிட்டது! அதே சமயம் போயர் பங்குதாரராக இருந்த ஜெனன்டெக் என்ற சின்னக் கம்பெனிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். மனிதனிடமிருந்து மரபணுவை எடுத்தால்தானே விதி? சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் இடாகுரா, ரிக்ஸ் என்ற இருவர் அந்த மரபணுவை எழுத்து எழுத்தாக ரசாயனத்திலேயே கோத்துக் கொடுத்தார்கள். மாலை இரண்டையும் தனித்தனியாக இரண்டு வகைக் கிருமிகளில் தயார் செய்து, கடைசியில் சீசாவில் சேர்த்தார்கள். 1978 ஆகஸ்டில் அது நடந்தது. 1980ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எலி லில்லி கம்பெனி 'ஹ்யூமுலின்' என்று விற்றது. அம்மாவிடம் நான் சொன்ன பொய் அமெரிக்காவில் மெய்யான சமயத்தில் இங்கே அவர் மாட்டு இன்சுலினோடு போய்ச் சேர்ந்தார்.

சாருக்கு நான் சொல்ல விரும்புவது இன்சுலின் கதையோடு முடியவில்லை. 'இயற்கை' என்று அவர் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது பிரான்சில் நடந்த வளர்ச்சி ஹார்மோன் வழக்குதான். தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தை வளர வேண்டிய ஹார்மோன் அங்கிருந்து வருகிறது. அது சுரக்காத குழந்தைகள் குள்ளமாகவே நின்றுவிடுவார்கள். மாட்டு இன்சுலின் நமக்கு ஓடியது போல மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் ஓடாது. மனிதனுக்கு மனிதனுடையதுதான் வேண்டும். உயிரோடு இருப்பவரிடம் எடுக்க முடியாது. ஆகவே 1958ல் பாஸ்டனின் மோரிஸ் ரேபன் காட்டிய வழி, பிணத்திலிருந்து எடுப்பது. ஒரு குழந்தைக்கு வருஷம் முழுக்க ஊசி போடப் பல பிணங்களின் சுரப்பி வேண்டும். ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒன்றாக அரைத்துச் சாறெடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று கெட்டிருந்தாலும் முழுச் சாறும் கெட்டது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு.

பிரான்சில் இதற்காக 1973ல் 'பிரான்ஸ்-இப்போஃபீஸ்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பெரிய பெரிய குழந்தை மருத்துவர்கள் அதில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் சுரப்பிகளைச் சேகரித்தார்கள். எடுத்துக்கொடுக்கும் பிணவறை ஊழியருக்கு ஒரு சிறு தொகை உண்டு. போதாததற்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, பல்கேரியா, ஹங்கேரி பக்கமிருந்தும் வாங்கினார்கள். பாரீஸ் பாஸ்தர் நிறுவனத்தில் சாறு எடுப்பார்கள். பாரீஸ் ஆஸ்பத்திரிகளின் மத்திய மருந்தகம் சீசாவில் அடைத்து அனுப்பும். சுமார் 1,700 குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கச் செலவு, பெற்றோருக்கு ஒரு பைசா இல்லை. எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்று ஒரு குழு தீர்மானிக்கும். பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

க்ரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்று ஒரு மூளை நோய் உண்டு. மூளை கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாகிவிடும். முதலில் தள்ளாட்டம், அப்புறம் பேச்சு போகும், நினைவு போகும், சில மாதத்தில் உயிர் போகும். மருந்தில்லை. கிருமி கூட இல்லை, உருக்குலைந்த ஒரு புரதம்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கொதிநீருக்கு அது மசியாது. உடம்புக்குள் போனால் பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் கூடச் சும்மா இருந்துவிட்டு எழும். இறந்தவரின் கண் விழிப்படலம் வழியாக ஒருவருக்கு அது தொற்றியதை 1974லேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்.

இங்கேதான் குமாஸ்தாவாகிய எனக்குக் கண் நிற்கிறது. இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதம் 1980ல் எழுதப்பட்டது. எழுதியவர் பாஸ்தர் நிறுவனத்தின் லுய்க் மொந்தாஞ்ஞியே, மூன்று வருஷம் கழித்து எய்ட்ஸ் கிருமியைக் கண்ட குழுவின் தலைவர். சுரப்பிகள் வழியாக இந்த மூளை நோய் பரவும் அபாயம் இருக்கிறது, நரம்பு நோயால் இறந்தவர்களிடம் எடுக்கக்கூடாது, கொடுப்பவரின் நோய் விவரம் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார். இருந்தும், நரம்பு நோய்ப் பிரிவுகளிலும் முதியோர் பிரிவுகளிலும் இறந்தவர்களின் சுரப்பிகள் தொடர்ந்து வந்து சேர்ந்ததை விசாரணை வெளிக்கொண்டு வந்தது.

இரண்டாவது கடிதம் அமெரிக்காவில். சிறு வயதில் இந்த ஹார்மோன் போட்டுக்கொண்ட ஓர் இளைஞர் 1984ல் தள்ளாட்டம் கண்டு அந்த வருஷக் கடைசியில் இறந்தார். வயது இருபதை ஒட்டி. அவருக்கு வைத்தியம் பார்த்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ரேமண்ட் ஹின்ட்ஸ், இந்த வயதில் இந்த நோயா என்று சந்தேகப்பட்டு 1985 தொடக்கத்தில் அரசுக்கு எழுதினார். தேடிப் பார்த்ததில் இன்னும் இரண்டு மூன்று மரணங்கள் அகப்பட்டன. ஏப்ரலில் அமெரிக்கா பிண ஹார்மோனை அடியோடு நிறுத்தியது. அங்கே சுமார் 7,700 குழந்தைகள் அதுவரை போட்டிருந்தார்கள். மே மாதம் பிரிட்டனும் நிறுத்தியது. மாற்று மருந்து தயார் நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஜெனன்டெக் 1979லேயே இ. கோலிக்குள் மனித வளர்ச்சி ஹார்மோனைச் செய்துவிட்டது. பல வருஷமாகச் சோதனையில் இருந்த அந்த மருந்துக்கு 1985 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. எந்தக் கிருமிக்குப் பயந்து கேம்பிரிட்ஜ் மேயர் ஊரைக் கூட்டினாரோ அதே கிருமிதான் குழந்தைகளைக் காப்பாற்ற வந்தது. பிணவறை மேசையைப் பார்த்து யாரும் ஊரைக் கூட்டவில்லை.

பிரான்சில் 1985ல் கூடிப் பேசினார்கள். நிறுத்தவில்லை. யூரியா சேர்த்துச் சுத்தம் செய்யும் ஒரு படியைப் புதிதாகப் புகுத்தித் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். சரி, அதாவது இருக்கட்டும். ஆனால் யூரியா படாத பழைய சீசாக்கள்? அவை திரும்பப் பெறப்படவில்லை. 1986 வரைக்கும் குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பிண ஹார்மோன் அங்கே முழுதாக நின்றது 1988ல்.

'கையிருப்பு தீரட்டும்' என்ற சொற்றொடர் எனக்கு அந்நியமானதல்ல. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு எனக்கு அருகதை இல்லை. எண்பதுகளில் சில வருஷம் ஓர் அரசு மருந்துக் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். ஒரு போகிக்கு முதல் நாள், குறிப்பிட்ட பேட்ச் குளுக்கோஸ் பாட்டில்களை வெளியே அனுப்பாதே என்று சுற்றறிக்கை வந்தது. தபாலைப் பிரித்து, தேதி முத்திரை போட்டு, தட்டில் வைத்துவிட்டுப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மேலே வந்த தபாலையெல்லாம் பார்த்துவிட்டு அடியில் கிடந்ததைப் படித்தபோது ஒரு வாரம் ஓடிவிட்டது. விடுமுறை முடிந்த முதல் நாளே அந்த பேட்சில் இரண்டு பெட்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தது. இண்டெண்டில் கையெழுத்து என்னுடையது. ஜீப் எடுத்துக்கொண்டு நானே போனேன். இரண்டு பெட்டியும் கயிறு அவிழ்க்காமல் ஒரு மூலையில் இருந்தன. அந்த ஊர் நர்சம்மா, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க, நாளைக்குத்தான் பிரிக்கலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு அது போல ஒரு நாளைக்கு என்ற வாய்ப்பு கிடைத்தது.

1991க்குப் பிறகு பிரான்சில் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். பதினைந்து வயது, இருபது வயது. நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்காகப் போட்ட ஊசி. முதலில் புகார் கொடுத்த பெற்றோரைப் பற்றி அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில், பழைய 'லெ மோந்த்' இதழ்களில் படித்தேன். நம் ஊர் சொல்தா பென்ஷன்காரர்கள் ஃபிகாரோவில் விலைவாசியைத் தேடிக்கொண்டிருக்க, நான் இதைத் தேடிப் படிப்பேன். வெட்டி வைத்த தாள்கள் இன்னும் இருக்கின்றன. இதே காலத்தில்தான் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி கலந்த ஊழலும் அங்கே நாறியது. ரத்தம் உறையாத நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்தும் பல்லாயிரம் பேருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து எடுத்ததே. அதையும் தொண்ணூறுகளில் மரபணு முறையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வரப் பதினாறு வருஷம் பிடித்தது. 2008 பிப்ரவரியில் பாரீசில் ஆரம்பித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் அதற்குள் எழுபது எண்பதைத் தாண்டிய முதியவர்கள். சிலர் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 2009 ஜனவரி 14ஆம் தேதி ஆறு பேரும் விடுதலை. அன்றைய அறிவின்படி, கொடுக்கும் மருந்தில் இந்த அபாயம் இருக்கிறது என்று தெரிந்தே செய்ததாக நிறுவ முடியவில்லை என்பது சாரம். 2011ல் மேல்முறையீட்டிலும் அப்படியே. 2014ல் உச்சநீதிமன்றமும் கதவை மூடியது. அதற்குள் ஏறத்தாழ 120 பேர் போய்விட்டார்கள். தீர்ப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை. குழந்தை வளர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1980 குறிப்பு என்று ஒன்று ஃபைலில் இருந்தது.

மரபணு மருந்து குறையில்லாதது என்று சாரிடம் சொல்ல மாட்டேன். மாட்டு இன்சுலினால் யாருக்கும் அந்த மூளை நோய் வந்ததாகப் பதிவும் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மனித இன்சுலினுக்கு மாறிய சிலர், சர்க்கரை தாழும்போது முன்பு போல முன்னறிவிப்பு தெரியவில்லை, திடீரென்று மயக்கம் வருகிறது என்று எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவில் முறையிட்டார்கள். பழைய பன்றி இன்சுலினே வேண்டும் என்று போராடியவர்களும் உண்டு. விலை விஷயம் அதைவிட மோசம். ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்த மருந்தை அமெரிக்காவில் வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு செத்தவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2003ல் வோக்ஹார்டும், 2004ல் பயோகானும் மரபணு இன்சுலினை இங்கேயே செய்து விற்க ஆரம்பித்ததால் நமக்குத் தப்பித்தது. பயோகான் அதைக் கிருமியில் செய்யவில்லை, ஒரு வகை ஈஸ்டில் செய்கிறது. இட்லி மாவை நுரைக்க வைக்கிற கூட்டத்துக்குத் தூரத்து உறவு என்று சொன்னால் சாருக்குப் பயம் கொஞ்சம் தெளியுமோ என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லெ மோந்த் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். காபி ஆறிப்போனது.

முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த 1980 கடுதாசி யார் மேசையில கெடந்துச்சுங்க?"

"ஒரு மேசை இல்ல சார். பல மேசை."

சற்று நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி மருமகளிடம் டாக்டர் சீட்டை எடுத்து வரச் சொன்னார். நாற்பது யூனிட் சீசாவுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதானா, வேறு மூடி வாங்கினால் அளவு தப்பிவிடுமாமே என்று என்னிடம் விசாரித்தார். ஆமாம் சார், சிவப்பு மூடிதான், கடைக்காரனிடம் சீசாவைக் காட்டியே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.